ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பா, ஆறு வரை பொறுப்பதா?

யூகேஜி முடிக்கப்போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜனவரியிலேயே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "மே மாசம் அஞ்சு முடியுது. ஒண்ணாவது சேத்துடலாமா? இல்ல, ஆறு ஆனாத்தான் சேக்கணும்னு புது விதி வந்திருக்காமே?" ஒரு பள்ளியில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள், அடுத்த தெருப் பள்ளியில் வயது போதாது என்கிறார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இப்போது இரண்டு கணக்கும் நடப்பில் இருக்கின்றன.

## இரண்டு கணக்கு எப்படி வந்தது

2020 ஜூலை 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான ஐந்து ஆண்டுகளை ஒரே கட்டமாக வைத்தது. முதல் மூன்று ஆண்டுகள் முன்பருவக் கல்வி, அப்புறம் ஒன்றும் இரண்டும். மூன்று வயதில் தொடங்கி மூன்றாண்டு என்றால் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது ஆறு. கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயதைத்தான் பேசுகிறது. மத்திய அரசு நடத்தும் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022-23 சேர்க்கையிலேயே ஐந்தை ஆறாக்கிவிட்டன. எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போன பெற்றோருக்கு வெற்றி கிடைக்கவில்லை.

தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது என்ற பழைய கணக்கையே வைத்துக்கொண்டது. தனியார் சிபிஎஸ்இ பள்ளிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. சேர்க்கை வயதில் பள்ளி இருக்கும் மாநிலத்தின் விதியைப் பார்க்கச் சொல்கிறது வாரியம். நடைமுறையில் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது.

வயதுக்காக இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ளும் நாம், ஆறு வயது கேட்கும் தேசிய வழிகாட்டுதலில் வேறென்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு தயாரித்து 2022 அக்டோபரில் வெளிவந்த அடித்தள நிலைக் கலைத்திட்டம் (3 முதல் 8 வயது வரை என்ன, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கான தேசிய வழிகாட்டுதல்), 3 முதல் 6 வயதுக்குப் பாடநூல் என்று எதையும் விதிக்கக் கூடாது என்கிறது. இந்தக் கட்டத்தில் எழுத்துத் தேர்வு வேண்டாம் என்கிறது. வீட்டில் பேசும் மொழியில் சொல்லிக்கொடு, கதையும் பாட்டும் பொம்மையும் மணலும்தான் பாடம் என்கிறது. இவை நடக்காத இடத்தில், 'ஆறு வயது' என்பது ஒரு வருடக் கட்டணத்தைக் கூடுதலாக வாங்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். இது என் கருத்து. கீழே எழுதப்போவது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பிறந்த தேதி. வயது ஒன்றுதான், ஆனால் அதை எந்த நாளில் கணக்கிடுகிறார்கள் என்பது பள்ளிக்கு ஏற்ப மாறுகிறது.

இரண்டாவது, ஊர் மாறும் வாய்ப்பு. மத்திய அரசு வேலை, ராணுவம், பெங்களூருக்கு மாற்றலாகலாம் என்ற நிலை இதெல்லாம் இருந்தால் கணக்கே வேறு.

மூன்றாவது, அந்த ஒரு வருடத்தில் பிள்ளை காலை ஒன்பதரை முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்யும். இதுதான் பெரியது. இதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

நான்காவது மொழி, ஐந்தாவது பணம். பணத்தில் கட்டண ரசீதில் வராததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தப் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அல்ல.

## தேதிக் கணக்கு

மாநிலச் சேர்க்கையில் ஜூலை 31 அன்று ஐந்து முடிந்திருக்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று ஆறு முடிந்திருக்க வேண்டும் (ஏப்ரல் 1 அன்று பிறந்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள்). பார்க்க ஒரு வருட வித்தியாசம்தான். தேதிகளை எழுதிப் பாருங்கள்:

| பிறந்த தேதி | மாநிலக் கணக்கில் ஒன்றாம் வகுப்பு | கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்பு |
|---|---|---|
| 2020 ஆகஸ்ட் 1 – 2021 ஏப்ரல் 1 | 2026 ஜூன் | 2027 ஏப்ரல் |
| 2021 ஏப்ரல் 2 – ஜூலை 31 | 2026 ஜூன் | 2028 ஏப்ரல் |
| 2021 ஆகஸ்ட் 1 – 2022 ஏப்ரல் 1 | 2027 ஜூன் | 2028 ஏப்ரல் |

நடுவில் இருக்கும் வரிசையைப் பாருங்கள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளுக்கு இடைவெளி ஒரு வருடமல்ல, கிட்டத்தட்ட இரண்டு. மே மாதம் பிறந்த பிள்ளை 2027 மார்ச் 31 அன்று ஆறுக்குச் சில வாரங்கள் குறைவாக இருக்கும், அதனால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். 'ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கலாம்' என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மற்ற எட்டு மாதக்காரர்கள் இந்தக் கவலை இல்லாமல் கீழே படிக்கலாம்.

## ஐந்தில்: மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளி

நம்மூரில் பெரும்பாலானோர் எடுக்கும் வழி. எல்கேஜி, யூகேஜி படித்த அதே பள்ளியில் அப்படியே தொடர்வது. பிள்ளைக்கு இடம் பழகியிருக்கும், ஆயா முதல் வேன் ஓட்டுநர் வரை எல்லோரையும் தெரியும். ஐந்து வயதில் இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் வகுப்பறைக்குள் இருக்கிறது. முன்பருவ வகுப்பிலேயே கோட்டு நோட்டில் ஆங்கிலக் கூட்டெழுத்து எழுதவைத்து, டிக்டேஷன் வைத்து, மாதத் தேர்வும் நடத்தும் பள்ளிகள் ஏராளம். ஒன்றாம் வகுப்பில் அது கூடத்தான் செய்யும். ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசின் சுற்றறிக்கை, இந்த வகுப்புகளுக்குப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. இன்று பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் என்ற பெயர் மட்டும்தான் போயிருக்கிறது. 'பிராக்டிஸ்' என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு இதிலிருந்துதான் வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளையால் அந்த எழுத்துவேலையைத் தனியாக முடிக்க முடியாது. ஆகவே மாலையில் அம்மா உட்கார வேண்டும், அல்லது தெருமுனை டியூஷன். ஒன்றாம் வகுப்புக்கு டியூஷனா என்று சிரித்தவர்களே அரையாண்டுக்குள் அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று: தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்குக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடத்தில் எல்கேஜி சேர்ந்த பிள்ளை என்றால், அந்த இடம் அந்தப் பள்ளிக்குரியது. எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாமல் படிக்கக்கூடிய அதை விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போனால் கூடவே வராது. சும்மா 'பார்க்கலாம்' என்று மாற்றலுக்கு விண்ணப்பிக்கும் முன் இதை யோசியுங்கள்.

தமிழ்நாட்டிலேயே இருக்கப்போகிறவர்கள், பிள்ளை ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பிறந்தது (ஆக, ஜூனில் ஐந்தரையை ஒட்டியோ தாண்டியோ இருக்கும்), பள்ளி எழுத்துக்கு அவசரப்படுத்துவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கக் காரணமே இல்லை.

## ஐந்தில்: அரசுத் தொடக்கப்பள்ளி

இதை எழுதினால் சிலர் கட்டுரையை மூடிவிடுவார்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். தேசிய வழிகாட்டுதல் கேட்கும் வகுப்பறைக்கு மிக அருகில் இருப்பது, அந்தக் கொள்கையை ஏற்க மறுத்த மாநிலத்தின் அரசுப் பள்ளிதான்.

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து சொல்லிக்கொடுப்பது அதன் அடிப்படை. பாட்டு, கதை, செயல்பாடு, பயிற்சி நூல். ஐந்து வயதில் வரும் பிள்ளைக்கு இது பொருந்தும். எழுத்து இன்னும் பிடிபடவில்லை என்றால் அரும்பில் இருக்கலாம், யாரும் அதைப் பெயிலாகப் பார்ப்பதில்லை. வீட்டு மொழியும் தமிழ்தான் என்றால் மொழிச் சிக்கலும் இல்லை. காலை உணவும் பள்ளியிலேயே.

மறைந்திருக்கும் விலை ஆசிரியர் எண்ணிக்கை. மாணவர் குறைவான தொடக்கப்பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஒன்று, இரண்டு, மூன்று ஒரே அறையில் உட்காரும். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் பள்ளி முழுவதும் ஒருவர் தலையில். ஆகவே 'அரசுப் பள்ளி நல்லதா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். 2024, 2025 இரண்டு ஆண்டும் சேர்க்கை மார்ச் 1 அன்றே தொடங்கிவிட்டது. ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அரசுப் பள்ளியிலேயே எல்கேஜி வேண்டும் என்பவர்களுக்கு: 2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். 2022இல் மூடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொடர்ந்தது. அங்கே இருப்பவர்கள் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் என்பதால் ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம்.

அரசுப் பள்ளியில் தொடங்கி வேறிடம் போவதும், வேறிடத்தில் தொடங்கி இங்கே வருவதும் எளிது. மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, கல்லூரிக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் போன்றவற்றுக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததுதான் கணக்கு. அவற்றை நினைத்து ஒன்றாம் வகுப்பிலேயே முடிவெடுக்க வேண்டியதில்லை.

## ஆறில்: கேந்திரிய வித்யாலயா

மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அவர்களுக்காகவே உருவான பள்ளி. கோவையிலிருந்து குவாஹாட்டிக்குப் போனாலும் அதே பாடநூல், அதே நாள்காட்டி. எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 500 ரூபாய் வித்யாலயா விகாஸ் நிதி.

மற்றவர்களுக்கு? முன்னுரிமை வரிசையில் மத்திய அரசு ஊழியர் முதலில், அப்புறம் அடுத்தடுத்த பிரிவுகள். பெரும்பாலான குடும்பங்கள் கடைசிப் பிரிவில் நின்று குலுக்கலை நம்ப வேண்டும். கிடைக்காவிட்டால், காத்திருந்த வருடம் காத்திருந்ததாகவே போகும்.

மொழியும் இங்கே இடிக்கிறது. பயிற்றுமொழி இந்தியும் ஆங்கிலமும். வீட்டு மொழியில் தொடங்கு என்று சொல்லும் வழிகாட்டுதலை அறிமுகப்படுத்தியவர்களின் சொந்தப் பள்ளியில், தமிழ்ப் பிள்ளைக்கு முதல் நாளே இரண்டு புது மொழி. மூன்றாண்டுக்கொரு முறை ஊர் மாறும் குடும்பத்துக்கு இதுவே வசதி. மதுரையை விட்டு நகரப்போவதில்லை என்ற குடும்பத்துக்கு, வீட்டில் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை கூடுதலாக வந்து சேரும்.

பால்வாடிகா எனப்படும் முன்பருவ வகுப்பு எல்லாக் கிளைகளிலும் இல்லை. இல்லாத ஊரில், ஐந்து வயது முதல் சேர்க்கை வரை பிள்ளை எங்கே இருக்கும் என்பதற்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். அங்கன்வாடியில் ஆறு வயது வரை இருக்கலாம், செலவே இல்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று அவர்களிடம் இருக்கும் பாடத்திட்டம் பெயருக்கேற்றபடிதான் இருக்கும். நடுத்தரக் குடும்பங்கள் இதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை.

இன்னொரு வழியில் யோசிப்பவர்களும் உண்டு: இப்போது மாநிலப் பள்ளியில் ஒன்றாவது சேர்த்துவிட்டு, இரண்டு அல்லது மூன்றாம் வகுப்பில் அங்கே மாறுவது. மேல்வகுப்புகளுக்கும் வயது வரம்பு இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஐந்தில் தொடங்கிய பிள்ளை அந்த வகுப்புக்கு வயது குறைந்து நிற்கலாம். அப்போது படித்த வகுப்பையே திரும்பப் படிக்க நேரும். கர்நாடகத்திலும் ஜூன் 1 அன்று ஆறு முடிந்திருக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. 2025-26க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தினார்கள். ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், மாறுவதென்றால் ஒன்றாம் வகுப்புக்கு முன்பே மாறுவது நல்லது.

## ஆறில்: தனியார் சிபிஎஸ்இ, அல்லது யூகேஜியே இன்னொரு முறை

நான் அதிகம் சந்தேகப்படும் வழி இது. சில இடங்களில் பிரீகேஜி, எல்கேஜி, யூகேஜி பெயர்ப்பலகைகளை எடுத்துவிட்டு பால்வாடிகா ஒன்று, இரண்டு, மூன்று என்று மாட்டியிருக்கிறார்கள். உள்ளே அதே நோட்டு, அதே டிக்டேஷன். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வருடம் கூடுதலாக இருப்பதால் பிள்ளைக்கு என்ன லாபம்? ஏற்கெனவே எழுதிய எழுத்தை மறுபடி எழுதும். கட்டணம், வேன், சீருடை, பள்ளியிலேயே வாங்க வேண்டிய புத்தகக் கட்டு என எல்லாம் இன்னொரு முறை.

நன்றாக நடத்தும் பள்ளியும் உண்டு. கண்டுபிடிப்பது கடினமில்லை. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு 'ஜாதுயி பிட்டாரா' என்று பொம்மை, புதிர், கதை அட்டைகள் கொண்ட பெட்டியை வெளியிட்டது. அதுவோ அதுபோன்ற பொருட்களோ பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பிள்ளைகள் கைபட்டு அழுக்கேறி இருக்கிறதா, அலமாரியில் புதுசாகப் பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மொழியையும் கேளுங்கள். 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, பிள்ளைகளின் தாய்மொழியைக் கணக்கெடுத்து அதை முதல் மொழியாக வைக்கச் சொன்னது. 'எங்க ஸ்கூல்ல தமிழ் பேசினா ஃபைன்' என்று இன்னும் சொல்லும் பள்ளி, வழிகாட்டுதலில் தனக்கு லாபமான வரியை மட்டும் படித்திருக்கிறது.

பொறுத்திருப்பது உண்மையிலேயே நல்லது என்ற நிலைகள் இவை: பிள்ளை மே, ஜூன், ஜூலையில் பிறந்து வகுப்பிலேயே இளையதாக இருக்கப்போகிறது, பேச்சு தாமதமாக வந்தது, குறைமாதத்தில் பிறந்தது, அல்லது ஒரு வருடமாகியும் பள்ளி என்றாலே அழுகிறது. அதிலும், கூடுதல் வருடத்தை அதே யூகேஜியில் கழிக்காமல், விளையாட்டுக்கு இடம் தரும் வேறு பள்ளியில் கழிக்க முடிந்தால்தான் பலன்.

## பிள்ளையைப் பார்ப்பது

பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லித்தான் பள்ளியில் சேர்த்தார்கள். பல பிள்ளைகளுக்கு ஆறை நெருங்கும்போதுதான் கை எட்டும். நம் தாத்தாக்களில் பலர் இன்றைய 'புது விதி'ப்படிதான் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள்.

இன்று அதற்குப் பதில் பார்க்க வேண்டியவை: கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று புது ஆளிடம் சொல்லத் தெரிகிறதா? 'பையை வச்சிட்டு, தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வா' என்றால் இரண்டையும் செய்கிறதா? கதை கேட்கக் கால்மணி நேரம் உட்காருமா? சட்டைப் பொத்தான் போடும் அளவுக்கு விரலில் பிடி இருக்கிறதா? நூறு வரை ஒப்பிப்பதை இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையைத் தேர்வு வைத்து வடிகட்டுவது கல்வி உரிமைச் சட்டப்படி கூடாது. 'இன்டர்வியூ' என்று கூப்பிடும் பள்ளி அதன் மூலம் தன்னைப் பற்றித்தான் சொல்கிறது.

வகுப்பில் இளைய பிள்ளைகள் தொடக்க ஆண்டுகளில் பின்தங்குவதும், மேலே போகப் போக அந்த இடைவெளி சுருங்குவதும் பல நாடுகளில் பார்த்த விஷயம். அவர்களை 'துறுதுறுப்பு அதிகம், கவனம் இல்லை' என்று முத்திரை குத்துவதும் அதிகம். ஆகவே ஜூலையில் பிறந்த பிள்ளையை ஐந்தில் சேர்த்தால், முதல் ஆண்டு ரிப்போர்ட் கார்டைப் பார்த்துப் பதறாமல் இருப்பதாக வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பாட்டி, ஒப்புக்கொள்ள வேண்டும்.

## பன்னிரண்டு வருடம் கழித்து

'நீட் எழுத வயசு போதாமப் போயிடுமா?' என்ற கேள்வியும் வருகிறது. நீட்டுக்குச் சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 முடிய வேண்டும். 2021 மே மாதம் பிறந்து 2026இல் ஒன்றாவது சேர்ந்த பிள்ளை 2038இல் பிளஸ் டூ முடிக்கும், அந்த மே மாதமே 17 ஆகிவிடும். ஐந்து முடிந்து முறையாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த விதியால் பிரச்சினை இல்லை. ஐந்து முடியாமலே செல்வாக்கில் சேர்த்த பிள்ளைகளில், அடுத்த ஜனவரியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் இடிக்கும்.

எதிர்ப்பக்கம் யாரும் கேட்பதில்லை. அதே மே மாதப் பிள்ளை கேந்திரிய வித்யாலயாவில் 2028இல் தொடங்கினால் பிளஸ் டூ முடிக்கும்போது 19ஐ நெருங்கும். தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் பயிற்சி தொடங்கும் நாளில் பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். ஓரிரு முறைக்கு மேல் அந்தத் தேர்வை எழுத முடியாது. ராணுவக் குடும்பங்களும் சேரும் பள்ளியில் இது நடப்பது விந்தைதான். 2040இல் விதிகள் இப்படியே இருக்குமா என்பது வேறு விஷயம்.

குலுக்கலை நம்பிக் காத்திருப்பவர்கள் இதை மட்டும் செய்துவையுங்கள்: கேந்திரிய வித்யாலயா விண்ணப்பம் மார்ச்-ஏப்ரலில், மாநிலப் பள்ளி தொடங்குவது ஜூனில். குலுக்கல் முடிவு வரும்வரை அரசுப் பள்ளியில் இடம் பிடிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. தனியார் பள்ளியில் முன்பணம் கட்டுவதென்றால், சேராவிட்டால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.